வர்றாராம்

தமிழில் வதந்திக்கென்றே ஒரு விகுதி இருக்கிறது. ‘வருகிறார்’ என்றால் அதற்குச் சொன்னவன் பொறுப்பு. ‘வர்றாராம்’ என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. யாரோ சொன்னார்கள், நான் கடத்துகிறேன், அவ்வளவுதான். ஆங்கில நாளிதழ்கள் இதற்கு ‘எங்களுக்குத் தெரிய வருவதாவது’ என்று வாக்கியத்தையே வளைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரு ‘ஆம்’ போதும்.

பாட்டி சொல்லும் கதையும் இதே விகுதியில்தான் ஓடும். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவருக்குப் பிள்ளை இல்லையாம். வதந்தியிலும் கதையிலும் சொல்பவனிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. அடுத்து என்ன என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

2024 ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை லிவர்பூல் ரசிகர்கள் இந்த ‘ஆம்’ விகுதிக்குள்தான் குடியிருந்தார்கள். மேனேஜர் யூர்கன் க்ளோப் போகிறார், அடுத்தது யார்? அந்த மூன்று மாதப் பேச்சை ஒரு புனைவாக வாசித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். விளையாட்டுப் பக்கத்துக்கு எழுத வேண்டியதை இலக்கிய இதழுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இத்தனை நாட்டு ரசிகர்கள் சேர்ந்து, சம்பளம் வாங்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரே கதையை எழுதுகிறார்கள். அதில் எதைச் சேர்க்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலைதான். அவர்கள் விட்டுவிடுவதை எழுதிய நாவல்களும் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

1

ஜனவரி 25, வியாழக்கிழமை இரவு. கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் மலேசியா தென் கொரியாவுடன் 3-3 எனச் சமநிலை கண்டது. ரோமெல் மோராலெஸ் 105ஆவது நிமிடத்தில் அடித்த கோல் அது. மறுநாள் சாயங்காலம், அந்தப் பேச்சு அடங்குவதற்குள், க்ளோப்பின் காணொளி வந்து சேர்ந்தது. இந்த சீசனோடு போகிறேன், எனக்குச் சக்தி தீர்ந்துகொண்டு வருகிறது என்றார்.

2015 அக்டோபரில் வந்தவர். 2019இல் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணம், 2020இல் முப்பது வருடம் கழித்து லீக் பட்டம், 2022இல் இரண்டு உள்நாட்டுக் கிண்ணங்கள். எங்கள் தலைமுறை லிவர்பூல் ரசிகர்களுக்கு, கல்லூரிக் காலம், முதல் வேலை, முதல் கார்க் கடன் எல்லாம் அவருடைய காலத்துக்குள் நடந்தவை. அப்படிப்பட்ட மனுஷன் ‘களைத்துவிட்டேன்’ என்கிறார். மாமாக் கடை மேசையில் அந்தச் சொல் எவ்வளவு நேரம் தங்கியது தெரியுமா? ஆர்டர் பண்ணிய ரொட்டி சானாய் வரும் வரைகூட இல்லை.

“மச்சான், அலோன்சோ வர்றாராம்டா.”

“யாருடா சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

இந்த மூன்று வரியும் அந்த மூன்று மாதத்தின் சுருக்கம். ஒருவர் தன் உடம்பையும் மனசையும் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம், நிமிடக் கணக்கில் காலியிட விளம்பரமாக மாறிவிட்டது. இதை ரசிகர்களின் கல்நெஞ்சு என்று தள்ளிவிட முடியாது. துக்கத்தைச் சுமக்கத் தெரியாதபோது மனுஷன் ஏதாவது வேலை தேடுவான். சாவு வீட்டில் நாற்காலி அடுக்குகிற, தண்ணீர்ப் போத்தல் எண்ணுகிற ஆளைப் பார்த்திருப்போம். ‘அடுத்தது யார்’ என்று கேட்பதும் அப்படி நாற்காலி அடுக்குகிற வேலைதான் என்று நினைக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், அடுக்குகிற மும்முரத்தில் யாருடைய வீடு என்பதே மறந்துவிடுகிறது.

2

இந்தப் புனைவின் கதாநாயகன் ஷாபி அலோன்சோ. ரூபன் அமோரிம், ரொபெர்ட்டோ டி செர்பி என்று வேறு பெயர்களும் வந்தன. ஆனால் அவை கிளைக்கதைகள்.

அலோன்சோவைப் பாருங்கள். 2004இல் லிவர்பூலுக்கு வந்தார். 2005 இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் மூன்று கோல் பின்தங்கிய குழு மூன்றையும் திருப்பியபோது, மூன்றாவது அவருடையது. பெனால்டியைக் கோல்காவலர் தடுக்க, திரும்பி வந்த பந்தை உள்ளே அடித்தார். 2009இல் பிரிந்து போனார். ரியால் மாட்ரிட், பாயர்ன் மியூனிக் என்று வேற்று ஊர்களில் கிண்ணங்கள் வென்றார். பிறகு பயிற்றுநர் ஆனார். 2022 அக்டோபரில் பாயர் லெவர்குசனைக் கையில் எடுத்தபோது அது ஜெர்மன் லீக்கில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. ஒன்றரை வருடத்தில், ஒரு தோல்வியும் இல்லாமல், அந்த கிளப்பின் முதல் லீக் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் லிவர்பூலில் சிம்மாசனம் காலியாகிறது.

இந்தக் கதையை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். ராஜாவுக்கு வாரிசு இல்லை. பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது யார் கழுத்தில் போடுகிறதோ அவனே அரசன். கழுமலத்து யானை கருவூர் வரை நடந்து போய் கரிகாலனைத் தூக்கி வந்ததாகச் சொல்லும் கதையும் இந்த வகைதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. யானை கண்ணுக்குத் தெரிந்தவன் யாருக்கோ மாலை போடுவதுபோல் தெரியும். ஆனால் கரிகாலன் ஏற்கெனவே சோழ ரத்தம். மறைந்து வாழும் இளவரசனைத்தான் அது கண்டுபிடிக்கிறது. வெளிப்பார்வைக்கு அது தேர்தல் மாதிரி இருக்கும், உள்ளே பரம்பரைதான்.

ரசிகர்கள் அலோன்சோவிடம் கண்டது அந்த ரத்தத்தை. “அவருக்கு நம்ம கிளப்பைத் தெரியும்” என்ற வாதம் ஆயிரம் தடவை வந்தது. லெவர்குசன் எந்த அமைப்பில் ஆடுகிறது, அது லிவர்பூலிடம் இருக்கும் ஆட்டக்காரர்களுக்குப் பொருந்துமா என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டாலும் கதையின் வேகத்தைக் குறைக்கிற ஆளாகத்தான் பார்க்கப்பட்டார்கள்.

பரம்பரை வேலை செய்கிறதா? பார்சலோனாவில் குவார்டியோலா, மாட்ரிட்டில் சிடான், லிவர்பூலிலேயே 1985இல் கென்னி டால்கிலிஷ் என்று உடனே மூன்று பெயர் சொல்வார்கள். அதே லிவர்பூலுக்கு 1991இல் பழைய கேப்டன் கிரேம் சூனெஸ் மேனேஜராகத் திரும்பி வந்தார். ஒரு எஃப்ஏ கிண்ணத்தைத் தவிர அந்தக் காலத்தை யாரும் ஆசையோடு நினைப்பதில்லை. செல்சியில் லாம்பார்ட், யுவென்டஸில் பிர்லோ, மான்செஸ்டர் யுனைடெட்டில் சோல்ஷார் எல்லாரும் வீடு திரும்பிய இளவரசர்கள்தான். திரும்பி வந்து தோற்ற இளவரசனைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை, அதனால் அவன் கணக்கிலும் வருவதில்லை. உடையாமல் நிற்கிற பாலங்களை மட்டும் எண்ணி, பாலங்கள் உடைவதே இல்லை என்று முடிவு செய்வதுபோல இது.

பரம்பரைக் கதையின் சுத்தமான சோதனை 2013இல் நடந்தது. இருபத்தாறு வருடத்துக்கு மேல் யுனைடெட்டை ஆண்ட அலெக்ஸ் ஃபெர்குசன் மே 8ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். மறுநாளே டேவிட் மோயஸ் பெயர் அறிவிக்கப்பட்டது. ராஜாவே கைகாட்டிய வாரிசு. இருவரும் கிளாஸ்கோவில் பிறந்தவர்கள். ஆறு வருட ஒப்பந்தம். ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்று மைதானத்தில் பெரிய பதாகையே தொங்கியது. 2014 ஏப்ரல் 22இல் அவரை நீக்கினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் போக வேண்டும் என்ற வாசகத்தைக் கட்டிக்கொண்டு ஒரு விமானம் மைதானத்துக்கு மேலே பறந்தது. பதாகையும் விமானமும் ஒரே கதையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்.

3

‘ஆம்’ எப்படித் தயாராகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

பிரிட்டனின் பந்தய நிறுவனங்கள் அடுத்த மேனேஜர் யார் என்பதற்கும் பந்தயம் எடுக்கின்றன. ஆட்ட முடிவுகள்மீது வைக்கப்படும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சின்னச் சந்தை. கொஞ்சப் பேர் ஒரு பெயரில் பணம் கட்டினாலே விகிதம் இறங்கிவிடும். விகிதம் இறங்கியதை நாளிதழ் ‘முன்னணியில் இருக்கிறார்’ என்று செய்தியாக்கும். செய்தியைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் அதே பெயரில் கட்டுவார்கள். விகிதம் மறுபடி இறங்கும். புதிதாக ஒரு தகவலும் உள்ளே வரவில்லை, ஆனால் உறுதி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் காதைக் கிழிக்கும் ஒரு கூச்சல் வருமே, அது யார் பாடியதும் இல்லை. மைக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்ட சத்தம். இதுவும் அதுதான்.

இதற்கு மேல் தனியார் விமானங்களின் பாதையைக் கைப்பேசியில் பின்தொடர்கிறவர்கள், ஒரு பயிற்றுநர் எந்த உணவகத்தில் யாருடன் உட்கார்ந்தார் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள், பேட்டியில் அவர் அரை நொடி தயங்கியதற்குப் பொழிப்புரை எழுதுகிறவர்கள். உண்மையில் இது ரொம்ப உழைப்பான வாசிப்பு. நாம் கவிதைக்குக்கூட இவ்வளவு நெருக்கமான வாசிப்பைக் கொடுப்பதில்லை. ஆனால் முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு பிரதியில் அதற்கான தடயம் தேடுகிற வாசிப்பு. அலோன்சோ சிரித்தால் வருகிறார், சிரிக்காவிட்டால் ரகசியமாக வைத்திருக்கிறார்.

இந்த உழைப்புக்குப் பின்னால் ஓர் ஆதங்கமும் இருக்கிறது. கிள்ளானிலோ சிரம்பானிலோ இருக்கும் ரசிகனுக்கு லிவர்பூலின் தீர்மானத்தில் ஒரு ஓட்டும் கிடையாது. அவன் சட்டை வாங்கலாம், சந்தா கட்டலாம், 2011லும் 2015லும் குழு புக்கிட் ஜாலிலுக்கு வந்தபோது போலப் போய்ப் பார்க்கலாம். தீர்மானம் எடுக்கிற அறைக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஊகம் ஒன்றுதான் பங்கு. இதே 2024 ஜூலையில் மலேசியக் குழுவின் பயிற்றுநர் கிம் பான்-கோன் விலகினார். அந்தக் கொரிய ஆட்டத்தை நமக்குக் கொடுத்தவர் அவர். எங்கள் மேசையில் அவருக்கு அடுத்தது யார் என்ற பேச்சு ஒரு தே தாரிக் ஆறும் வரைதான் தாக்குப்பிடித்தது. அக்கறை இல்லாமல் இல்லை. அந்தக் கதைக்கு இளவரசன் இல்லை, இஸ்தான்புல் இல்லை, பின்தொடர விமானமும் இல்லை. அண்டை வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாத நாம் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள அரண்மனையின் உள்விவகாரம் பேசுகிறோம். கதையாகக் கிடைப்பதைத்தான் நம்மால் நேசிக்க முடிகிறது என்றால், அது யோசிக்க வேண்டிய விஷயம்.

4

2024 மார்ச் 29. லெவர்குசனிலேயே இருக்கப் போவதாக அலோன்சோ சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து லீக் பட்டத்தையும் உறுதி செய்தார். இரண்டு மாதமாக எழுதிய நாவலிலிருந்து கதாநாயகன் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நாள் அமோரிம் பெயரில் அதே அத்தியாயங்கள் திருத்தி எழுதப்பட்டன. ஏப்ரல் கடைசியில் வந்த பெயர் ஆர்னே ஸ்லொட். நெதர்லாந்தின் ஃபெயெநூர்ட் கிளப்பின் பயிற்றுநர். 2023இல் லீக் பட்டம், 2024இல் அந்நாட்டுக் கிண்ணம்.

ரசிகர்களுக்கு அவரிடம் பிடிக்காத விஷயம் ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. ஆன்ஃபீல்டில் ஆடியதில்லை. இஸ்தான்புல் இல்லை. க்ளோப்பின் கர்ஜனையும் தாடியும் கட்டிப்பிடிப்பும் இல்லை. அதனால் முதல் வாரம் அவருடைய வழுக்கைத் தலையை வைத்து நகைச்சுவை மட்டும்தான் ஓடியது. கதை கிடைக்காத இடத்தில் கிண்டல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிளப்பின் நிர்வாகம் வேறு மாதிரி தேடியது. மைக்கேல் எட்வர்ட்ஸ், ரிச்சர்ட் ஹ்யூஸ் ஆகியோரோடு, பௌதிகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் தலைமையிலான ஓர் ஆய்வுப் பிரிவும் அங்கே இருக்கிறது. 2015இல் க்ளோப் வந்ததற்குப் பின்னாலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அவருடைய கடைசி டோர்ட்மண்ட் சீசன் ஏழாம் இடத்தில் முடிந்தது. அந்தக் குழு ஆடிய விதத்துக்கும் கிடைத்த முடிவுகளுக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது, அது துரதிர்ஷ்டம், சரிவு அல்ல என்று அப்போதைய ஆய்வுத் தலைவர் இயன் கிரஹாம் கணித்துக் காட்டினார்.

என் வேலையில் ஒரு பம்ப்பை மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பம்ப் எந்த வம்சம் என்று யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற குழாயோடு அதன் வாய் பொருந்துமா, தேவையான அழுத்தத்தைத் தருமா, இருக்கிற அடித்தளத்தில் உட்காருமா என்றுதான் பார்ப்போம். ஸ்லொட் அப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் சீசனில் அவருக்குக் களத்தில் இறக்கக் கிடைத்த ஒரே புது ஆட்டக்காரர் ஃபெடெரிகோ கியேசா. மற்றபடி க்ளோப்பின் குழுவேதான். 2025 ஏப்ரல் 27இல் டோட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே லீக் பட்டத்தை எடுத்தார். லிவர்பூலின் இருபதாவது பட்டம். அமோரிம் 2024 நவம்பரில் யுனைடெட்டுக்குப் போனார்; அதே சீசனில் யுனைடெட் பதினைந்தாவது இடத்தில் முடிந்தது.

கணக்கு ஜெயித்தது, கதை தோற்றது என்று இங்கே முடித்தால் எனக்கு வசதியாக இருக்கும், பொறியாளன் இல்லையா. ஆனால் அப்படி முடியவில்லை. பட்டம் வென்ற அன்று இரவே ஸ்லொட்டுக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது. அமைதியானவர், ஆர்ப்பாட்டம் இல்லாதவர், பெரிய மனுஷன் விட்டுப் போனதைச் சத்தமில்லாமல் முன்னெடுத்தவர், நம்ம பொப் பெய்ஸ்லி மாதிரி. ஒரு வருடம் முன்பு யார் என்றே தெரியாதவருக்கு 1974இல் ஒரு பூர்வீகம் கண்டுபிடிக்கப்பட்டது. யானை மாலையைப் போட்ட பிறகு ரத்தத்தைச் சோதித்து, ஆமாம், சோழ ரத்தம்தான் என்று சொன்னார்கள்.

இதற்கு நடுவே யாரும் ஊகிக்காத ஒரு காட்சி நடந்தது. 2024 மே 19, தன் கடைசி ஆட்டம் முடிந்து விடைபெற்ற க்ளோப், அரங்கம் முழுவதையும் ஸ்லொட்டின் பெயரைப் பாட வைத்தார். அடுத்த ஏப்ரலில் பட்டம் வென்ற ஸ்லொட், அதே மெட்டில் க்ளோப்பின் பெயரைப் பாடினார். மூன்று மாத ஊகத்தில் எத்தனையோ காட்சிகள் எழுதப்பட்டன. போகிறவரும் வருகிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பது அதில் ஒன்றாக இல்லை. ஊகத்தில் போகிறவர் பேசும் பகுதியே கிடையாது.

5

1974க்குப் போகலாம். அந்தக் கோடையில் இங்கிலாந்தின் இரண்டு பெரிய நாற்காலிகள் ஒரே மாதத்தில் காலியாயின. லீட்ஸின் டான் ரெவி தேசியக் குழுவுக்குப் போனார். ஜூலை 12ஆம் தேதி லிவர்பூலின் பில் ஷாங்க்லி ஓய்வை அறிவித்தார். கிரனாடா தொலைக்காட்சியின் இளம் நிருபர் டோனி வில்சன் மைக்கோடு தெருவில் இறங்கி, போவோர் வருவோரிடம் செய்தியைச் சொல்லும் காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. யாரும் நம்பவில்லை. ஒரு பையன், விளையாடாதீங்க என்கிற மாதிரி அவரைப் பார்க்கிறான். அந்த முகத்தில் அடுத்தது யார் என்ற கேள்வியே இல்லை. ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று கிளப்புக்குப் போன் அடித்தார்களாம் (இங்கேயும் ஒரு ‘ஆம்’).

லிவர்பூல், வேண்டாம் என்று தயங்கிய உதவியாளர் பெய்ஸ்லியை உட்கார வைத்தது. ஒன்பது வருடத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கிண்ணம். லீட்ஸ், தன்னையும் ரெவியையும் வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்த பிரையன் க்ளஃபைக் கொண்டு வந்தது. நாற்பத்து நான்கு நாளில் அனுப்பிவிட்டது. ஆகஸ்ட் 10இல் வெம்பிளி அரங்கில் இரண்டு குழுவும் மோதின. லீட்ஸுக்கு முன்னால் க்ளஃப் நடந்து வந்தார். லிவர்பூலுக்கு முன்னால் நடந்தவர் ஏற்கெனவே விலகிவிட்ட ஷாங்க்லி. வரக்கூடாதவரும் போயிருக்கக்கூடாதவரும் பக்கத்தில் பக்கத்தில்.

அந்த இருவரையும் டேவிட் பீஸ் என்ற ஒரே நாவலாசிரியர் எழுதியிருக்கிறார். 2006இல் வந்த ‘தி டேம்ட் யுனைடெட்’ க்ளஃபின் நாற்பத்து நான்கு நாள். லீட்ஸ் நாள்கள் ‘நான்’ என்று தன்மையில் ஓடும். அவருடைய பழைய வாழ்க்கை ‘நீ’ என்று முன்னிலையில் ஊடே வரும். வாசிக்க ஆரம்பித்தால் கீழே வைக்க முடியாது. பொறாமை, சாராயம், பயம், ரெவியின் மேசையைக் கோடாலியால் பிளப்பது என்று ஒரு மனத்துக்குள் நம்மைப் பூட்டிவிடுகிறார். நாற்காலியில் உட்கார்ந்த தப்பான வாரிசுக்குள் என்ன ஓடும் என்பதை எந்த ரசிகனின் ஊகமும் இவ்வளவு தூரம் போய்ப் பார்த்ததில்லை.

ஆனால் எனக்கு அந்த நாவல்மேல் ஒரு புகார் இருக்கிறது. அது வதந்தியின் ருசியை முழுசாக விடவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்ற கிளுகிளுப்பில்தான் அது ஓடுகிறது. அதில் வருகிறவர்கள் உயிரோடு இருந்தவர்கள். லீட்ஸ் ஆட்டக்காரராக இருந்த ஜானி ஜைல்ஸ் தன்னைச் சித்திரித்த விதத்துக்காகச் சட்ட நடவடிக்கை எடுத்தார். க்ளஃபின் குடும்பத்துக்கும் நாவல் பிடிக்கவில்லை. புனைவுக்கு உரிமை உண்டா இல்லையா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. ‘ஆம்’ போட்டுப் பேசிய பேச்சுக்கும் ஒருநாள் யாரோ ஒருவர் வாசலில் வந்து கணக்குக் கேட்பார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

2013இல் வந்த ‘ரெட் ஆர் டெட்’ ஷாங்க்லியைப் பற்றியது. பலருக்கு அந்த நாவல் அலுப்பு. ஆட்டத்துக்குப் பின் ஆட்டம், பெயர்ப்பட்டியல், பார்வையாளர் எண்ணிக்கை, கோல், பயிற்சி, மறுபடி பயிற்சி. ஒரே வாக்கியம் சின்ன மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வரும். வேலை என்பது அப்படித்தான் இருக்கும் என்று வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மேனேஜரின் வேலையில் பதாகை தொங்குவது ஒரு நாள், மற்ற நாளெல்லாம் பயிற்சித் திடல். இந்த மந்தமான பகுதியை ரசிகர்களின் ஊகம் ஒருபோதும் எழுதாது, ஏனென்றால் அதில் அடுத்து என்ன என்பது இல்லை.

நாவலின் இரண்டாம் பாகம்தான் முக்கியம். ஷாங்க்லி விலகிவிட்டார். கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் வீட்டில் இருக்கிறார். பாத்திரம் கழுவுகிறார், காரைக் கழுவுகிறார், வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். முன்பு குழுவைப் பற்றி ஓடிய அதே திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் இப்போது வீட்டு வேலையின்மேல் ஓடுகின்றன. முதல் பாகத்தில் உழைப்பின் தாளமாக இருந்தது இரண்டாம் பாகத்தில் தனிமையின் தாளமாகிவிடுகிறது. வடிவம் மாறவே இல்லை, அர்த்தம் மட்டும் தலைகீழாகிறது. நிஜத்திலும் ஷாங்க்லி விலகிய பிறகு பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் பழக்கத்தில் அவரையே ‘பாஸ்’ என்று கூப்பிட, பெய்ஸ்லிக்குச் சங்கடமாகி, கடைசியில் வர வேண்டாம் என்று தெரிவிக்க வேண்டியதாயிற்று. 1981இல் ஷாங்க்லி இறந்தார். அடுத்தது யார் என்ற கேள்விக்கு வரலாற்றிலேயே மிகச் சரியான பதில் பெய்ஸ்லி. அந்தச் சரியான பதிலுக்குள் இந்த மனுஷனும் இருந்தார்.

அதனால்தான் இரண்டில் ‘ரெட் ஆர் டெட்’தான் பெரிய நாவல் என்பேன். முதல் நாவல் நம் ஊகத்தின் ஆசையை நன்றாகத் தீர்த்து வைக்கிறது. இரண்டாவது அந்த ஆசையையே கேள்வி கேட்கிறது.

6

2025 ஜூலை 3ஆம் தேதி லிவர்பூலின் டியோகோ ஜோட்டா ஸ்பெயினில் ஒரு கார் விபத்தில் தன் தம்பியோடு இறந்தார். அவருக்கு வயது இருபத்தெட்டு. கல்யாணமாகிப் பதினொரு நாள். அவருடைய 20ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியப் போவதில்லை என்று கிளப் அறிவித்தது. அடுத்த சீசனில் ஆன்ஃபீல்டில் இருபதாவது நிமிடத்தில் அவர் பாட்டு எழுந்தது.

நவம்பரில் அதே ஆன்ஃபீல்டில் நாலு நாள் இடைவெளியில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டிடம் 0-3, பிஎஸ்வியிடம் 1-4 என்று லிவர்பூல் தோற்றது. உடனே பட்டியல்கள் வெளியே வந்தன. ஸ்லொட்டுக்கு அடுத்தது யார்? ஏழு மாதம் முன்பு பெய்ஸ்லி ஆனவர். தோல்விக்குக் காரணம் துக்கம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. களத்தில் குறை சொல்ல நிறையவே இருந்தது. ஆனால் சக ஆட்டக்காரனைப் புதைத்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பிய ஒரு குழுவுக்குள் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல்களில் இடமே இல்லை. களைத்துவிட்டேன் என்று க்ளோப் சொன்னதற்கு இடம் இல்லாமல் போனதுபோலவே. அந்தக் கேள்விக்கு விகிதம் போட முடியாது, விமானத்தைப் பின்தொடர முடியாது. சும்மா கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலக்கியம் வாசிக்கிற நமக்கும் இந்தப் பழக்கம் தொற்றாமல் இல்லை. மூத்த எழுத்தாளர் ஒருவர் மறைந்தால் அஞ்சலிக் கூட்டத்திலேயே இனி அந்த இடத்தில் யார் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. இளையவர் ஒருவருக்கு இன்னாரின் வாரிசு என்று பட்டம் கட்டுகிறோம். பதாகை ஏற்றுகிறோம், இரண்டாவது தொகுப்பு சரியில்லை என்றால் விமானம் விடுகிறோம். மறைந்தவரின் கடைசிப் புத்தகத்தை எத்தனை பேர் திறந்தோம் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

ஊகிப்பதை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, மாமாக் கடைகள் வியாபாரமும் படுத்துவிடும். அடுத்த முறை ஒரு மேனேஜர் போகும்போதும் மேசையில் பெயர்கள் உருளத்தான் செய்யும். ஒன்று மட்டும் செய்யலாம். பெயர்களுக்குப் போகும் முன் போகிறவர் சொன்னதை ஒரு தடவை முழுசாகக் கேட்கலாம். ‘ரெட் ஆர் டெட்’ தடிமனான புத்தகம்தான். வர்றாராம், வரலையாம் என்று கைப்பேசியைத் தடவும் ராத்திரிகளில் பாதியை ஒதுக்கினால், ஒரு சீசன் முடிவதற்குள் வாசித்துவிடலாம்.